செங்கோடன் சாப்பிட்ட சத்தம்

கரட்டுப்புதூரில் தறிச் சத்தம் ஓய்ந்த நேரம் என்று ஒன்று கிடையாது. வீட்டுக்கு வீடு ஓட்டுக் கொட்டகையில் விசைத்தறி ஓடும், பிறந்த குழந்தை அந்தச் சத்தத்தில்தான் தூங்கும், தறி நின்றால்தான் விழித்துக்கொண்டு அழும், கல்யாணப் பேச்சானாலும் சண்டையானாலும் காதோடு வாயை வைத்துக் கத்தித்தான் பேசியாக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், ஆடிக் காற்று புழுதியை அள்ளித் தெருவெல்லாம் இறைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், பாவு பிணைக்கிற செங்கோடன் சோறு தின்கிற சத்தம் எல்லார் காதிலும் கேட்கத் தொடங்கியது.

சத்தம் பெரியதில்லை. தறிச் சத்தத்துக்கு மேலே அது கேட்கவில்லை, அடியில் கேட்டது. யாரோ ஒருவர் நம் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு காதுக்குள்ளேயே உட்கார்ந்து தின்பதுபோல, முருங்கைக்காயைக் கடித்து, சதையை உறிஞ்சி, சக்கையைத் துப்பி, குழம்புச் சோற்றைக் கடைவாயில் தள்ளி அரைத்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, ஒரு மடக்கில் விழுங்கி, மறுபடி வாயைத் திறக்கிற ஈரச் சத்தம். சாப்பிட உட்கார்ந்திருந்தவர்கள் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏனுங்க, கொஞ்சம் வாய மூடிட்டுத் தின்னா ஆகாதா?" என்று ஒருத்தி புருஷனைக் கேட்டாள்.

"நானெங்க தின்னேன்? இன்னுஞ் சோத்துல கையே வெக்கலையே," என்றான் அவன். "நீதான் மாடு மாதிரி மெல்லறே."

அன்றைக்கு அந்த ஊரில் சண்டை நடக்காத வீடு குறைவு. மாமியார் மருமகளைச் சொன்னாள், அண்ணன் தம்பியை அறைந்தான், பள்ளிக்கூடத்தில் மதிய உணவுக்கு வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்து முதலில் சிரித்து, பிறகு முகம் சுளித்து, பிறகு தட்டைத் தள்ளி வைத்தன. கடைசியில் ஒரு நீண்ட ஏப்பம் எல்லார் காதிலும் ஒரே நேரத்தில் வந்து முடிந்தபோது, இது தன் வீட்டுச் சத்தம் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் டீக்கடையில் அது தெரிந்தது. செங்கோடன் வழக்கம்போல பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து, ஒரு பருப்பு வடையைப் பிட்டு டீயில் நனைத்து வாயில் போட்டார். கடையில் இருந்தவர்கள், எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்கள், சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் காதைப் பொத்தினார்கள். அவர் மெல்லுவதை நிறுத்தினார்; சத்தம் நின்றது. என்னவோ என்று எல்லாரையும் பார்த்துவிட்டு மறுபடி ஒரு மெல்லு மென்றார், சத்தம் வந்தது. வாயில் வடையோடு அவர் அப்படியே உட்கார்ந்திருக்க, டீக்கடைக்காரர்தான் சொன்னார்.

"செங்கோடண்ணா, நீங்க திங்கறது எங்களுக்கெல்லாங் கேக்குதுங்."

"நானு மெதுவாத்தானுங்க திங்கறேன்," என்றார் செங்கோடன்.

அவர் மெதுவானவர்தான். ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லி மனிதர். தறியில் பழைய பாவு தீரும்போது புதுப் பாவின் நூலை ஒவ்வொன்றாகப் பழைய நூலோடு சேர்த்து முறுக்கிவிடுவது அவர் வேலை; நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து செய்கிற வேலை, பேச்சே தேவைப்படாத வேலை. ஊரில் அவர் போகாத வீடு இல்லை, அவர் குரலை நினைவு வைத்திருந்தவர்களும் அதிகம் இல்லை. பிள்ளைகள் கிடையாது. மனைவி நல்லம்மாளும் அவரும் கரட்டடித் தெருவில் ஒரு ஓட்டு வீட்டில் இருந்தார்கள். வாழ்நாள் முழுக்க யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்த மனிதரின் வாய், வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்ததை எல்லாம் ஒரேயடியாகச் சொல்லுகிற மாதிரி ஊர் முழுக்கக் கேட்டது.

ஏன் கேட்டது என்று ஊர் அதிகம் யோசிக்கவில்லை. மழை ஏன் பெய்யவில்லை என்று யோசித்து என்ன ஆயிற்று. என்ன செய்வது என்றுதான் யோசித்தது. விசைத்தறி சங்கத்துக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். சங்கத் தலைவர் ரத்தினசபாபதி பெரிய தறி முதலாளி, நியாயமானவர் என்று பெயரெடுத்தவர். அவர்தான் முதலில் கேட்டார், இத்தனை தறி ஓடுகிற ஊரில் பிறந்து வளர்ந்த நமக்கு ஒரு மனுஷன் சோறு தின்கிற சத்தம் என்ன பெரிய சத்தம் என்று.

"அதுதானுங்க எனக்கும் புரியல," என்றார் பால்காரர். "எரும அசை போடறதும் இதே மாதிரிதான் இருக்கும். அதக் கேட்டா எனக்குத் தூக்கமல்ல வருது. நாயி எலும்பக் கடிச்சாக் கூட ஒண்ணுந் தோண மாட்டேங்குது. இது மட்டும் அடிவயித்துல இருந்து பெரட்டிட்டு வருது."

"பல்லுல கரி வெச்சுத் தேய்க்கற மாதிரி கூசுது," என்றார் ஒருவர். "கூசறதில்லை, அருவருப்பு," என்றார் இன்னொருவர். கோபம் வருகிறது, அடிக்கத் தோன்றுகிறது, அடித்துவிட்டுக் கையைக் கழுவத் தோன்றுகிறது என்று ஒரு சின்னப் பையனின் அப்பா சொன்னதைக் கேட்டு எல்லாரும் தலையாட்டினார்கள்.

கடைசியாகப் பேசியவர் மாரியம்மன் கோயில் பூசாரி. "மத்த சத்தமெல்லாங் காதுல முட்டிட்டுத் திரும்பிப் போயிருதுங்க," என்றார் அவர். "இது எச்சலோட வருது. அடுத்தவன் வாயில இருக்கற எச்சல நம்ம காதுல ஊத்தற மாதிரி. காதைக் கழுவ முடியுதுங்களா?"

அவரவர் வாயிலும் அதே எச்சில்தான் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோது பலர் சோற்றை வாயில் வைத்துவிட்டு, மெல்லாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள்.

பூசாரிக்குத் தனியாக ஒரு கவலை இருந்தது. அம்மனுக்குப் படையல் வைக்கிற நேரத்தில் செங்கோடன் சாப்பிட்டால் அந்தச் சத்தம் கருவறைக்குள்ளும் கேட்கும், அம்மன் வாய் வைப்பதற்கு முன்னாலேயே படையல் எச்சிலாகிவிடும். ஆகவே உச்சி பூசை முடிந்து மணி அடித்த பிறகுதான் செங்கோடன் சாப்பிட வேண்டும் என்று முடிவானது. செங்கோடன் அதை ஒப்புக்கொண்டார். அடுத்ததாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகு என்றார்கள், அதையும் ஒப்புக்கொண்டார். அவர் சோற்றில் கை வைப்பதற்கு முன்னால் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற சைசிங் மில்லில் சங்கு ஊதியது, சங்கு ஊதியதும் பெண்கள் மிக்ஸியைப் போட்டார்கள், ஆண்கள் தறியை ஓட்டினார்கள், காதில் பஞ்சு அடைத்தார்கள், தலையணைக்குள் முகத்தைப் புதைத்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை, பஞ்சுக்கு உள்பக்கத்தில் செங்கோடன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவரை வெளியூருக்கு அனுப்பிப் பார்த்தார்கள். சங்ககிரியில் நல்லம்மாளின் அண்ணன் வீட்டுக்கு மரியாதையாகக் காரில் கொண்டுபோய் விட்டுவந்தார் ரத்தினசபாபதி. போகிற வழியில் செங்கோடன் ஒரு ஓட்டலில் புரோட்டா தின்றார். அந்த ஓட்டலில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் கரட்டுப்புதூரில் புரோட்டாவைப் பிய்க்கிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. ஊர்க்காரர்கள் காதில்தான் அது கேட்கும், ஊர்க்காரர்கள் எங்கே இருந்தாலும் கேட்கும் என்பது அப்போதுதான் புரிந்தது. துபாயில் வேலை பார்த்த ஒரு பையன் அம்மாவுக்குப் போன் போட்டு, "அம்மா, கொஞ்ச நாளா என் காதுக்குள்ள யாரோ தின்னுட்டே இருக்காங்கம்மா, எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா?" என்று அழுதான். சங்ககிரியில் செங்கோடன் எப்போது சாப்பிடுவார் என்று யாருக்கும் தெரியாததால் சங்கு ஊதவும் வழியில்லை. கல்யாண வீட்டில் பந்தி நடுவில் திடீரென்று அவர் வாழைப்பழம் தின்ன, இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினார்கள். எல்லாவற்றிலும் மோசம் வாழைப்பழம். அதில் கடிக்கிற சத்தம் இல்லை, ஈரம் மட்டும் இருந்தது. அவரைத் திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள்.

ஊர் கொடுமையான ஊர் இல்லை. யாரும் அவரைத் திட்டவில்லை. கல்யாண நாளில் அவர் விரதம் இருந்தால் நல்லது என்று கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்; துக்க வீடு என்றால் மரியாதைக்கு அவரே விரதம் இருந்தார்; காதுகுத்து, சீமந்தம், அமாவாசை, கிருத்திகை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அவர் சாப்பிடாத நாட்களில் பாவு பிணைக்கும்போது விரல் நடுங்கி நூல் அறுந்தது. அறுந்த நூலை அவரே எடுத்து, எச்சில் தொட்டு முறுக்கி, மறுபடி சேர்த்தார். சிலர் அதைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவரைப் பாவு பிணைக்கக் கூப்பிடுவதும் குறைந்தது.

இதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். வீட்டுக்குள் நடந்ததுதான் அவரால் தாங்க முடியாமல் போனது.

நல்லம்மாள் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்துதான் பரிமாறுவாள். ஒரு கையால் குழம்பை ஊற்றிக்கொண்டே தெருக்கதையெல்லாம் சொல்லுவாள், அவர் மென்றுகொண்டே கேட்பார். அவர் மெல்லுகிற சத்தம் அத்தனை வருஷமும் அவள் காதில் விழுந்துதான் இருக்கும். ஒரு நாளும் அதை அவள் கேட்டதில்லை. இப்போது கேட்டாள். முதலில் தட்டை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போகிற மாதிரி போனாள். அப்புறம் அடுப்பைப் பார்க்கப் போனாள். அப்புறம் காரணம் சொல்லாமலே புழக்கடைக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அவர் முடிக்கிறவரை வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒருநாள் அவர் பாதியில் எழுந்து, எச்சில் கையோடு புழக்கடைக்கு வந்தார்.

"நல்லு, உனக்கும் அப்பிடித்தான் இருக்குதா?"

"எப்பிடிங்க?"

"ஊர்க்காரங்களுக்கு இருக்கற மாதிரி."

அவள் மரத்தையே பார்த்தாள். "உங்களயில்லீங்க," என்றாள். "அந்தச் சத்தந்தானுங்க."

"சத்தம் வேற, நானு வேறயா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டார். அன்றிலிருந்து பாதித் தட்டுத்தான் சாப்பிட்டார். பிறகு அதிலும் பாதி. மீதியை அவள் காக்கைக்கு வைத்தாள். காக்கைகள் கொத்தித் தின்கிற சத்தம் அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை.

அந்த ஊரில் பாவாயி என்று ஒருத்தி இருந்தாள். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. முப்பது வயது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு ரத்தினசபாபதியின் கொட்டகையில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற மெஷினில் வேலை பார்த்தாள். மற்றவர்களுக்குச் சாயங்காலம் தலை வலிக்கும், அவளுக்கு வலிக்காது. அந்த ஆடி மாதத்து மத்தியானத்தில் மெஷின் முன்னால் நின்றிருந்தவள் துள்ளிக் குதித்துத் தலையை உதறினாள், காதுக்குள் பூச்சி போய்விட்டது என்று நினைத்து விரலை விட்டுக் குடைந்தாள், எண்ணெய் ஊற்றிக்கொண்டாள். சத்தம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதை உதடுகளைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துவைத்திருந்தாள். இது அதுதான் என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு கவனித்தாள்: தனக்குள் அந்த ஈரமான, அசைகிற ஒன்று வரும்போதெல்லாம் சுற்றியிருந்தவர்களின் முகமும் கோணுகிறது. பிறகு ஒருநாள் தெருவில் போகும்போது, திறந்திருந்த கதவு வழியாகச் செங்கோடனின் தாடை அசைவதைப் பார்த்தாள். தாடை அசைந்தபோது அவளுக்குள் அது அசைந்தது, தாடை நின்றபோது நின்றது.

அவள் நேராக உள்ளே போய் அவருக்கு எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். செங்கோடன் வாயில் சோற்றோடு பார்த்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் சாப்பிடும்போது ஒருத்தி எதிரில் உட்கார்ந்திருந்தாள், அவர் வாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் தயங்கி ஒரு மெல்லு மென்றார். பாவாயி தன் காதைத் தொட்டு, பிறகு நெஞ்சைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினாள். அவர் மறுபடி மென்றார். அன்றைக்குத் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவள் தினமும் வந்தாள், வெறுங்கையோடு வரவில்லை. வெள்ளரிப்பிஞ்சு கொண்டுவந்தாள், அதைக் கடித்தால் ஒரு சத்தம், மென்றால் வேறு சத்தம் என்று கண்டுபிடித்தாள். வறுத்த கடலை கொண்டுவந்தாள், கரும்புத் துண்டு கொண்டுவந்தாள், ரசத்தைத் தம்ளரில் கொடுத்து உறிஞ்சச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, அவர் என்ன தின்கிறார் என்று விரலால் காட்டுவாள். சரியாக இருந்தால் அவர் அவள் தலையில் தட்டுவார். முதல் அப்பளத்தை அவர் கடித்தபோது அவள் அலறிப் பின்னால் சாய்ந்து, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, இன்னொன்று, இன்னொன்று என்று ஒரு கட்டு அப்பளத்தையும் தின்ன வைத்தாள். நல்லம்மாள் புழக்கடையில் நின்றபடி தன் புருஷன் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டாள். அது சாதாரணமாக, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் கேட்டது.

ஊரால் தாங்க முடியவில்லை. சங்கு ஊதாமல் எந்நேரமும் சத்தம் வந்தது. பாவாயியின் அண்ணி அவளை அடித்துப் பார்த்தாள், அடைத்து வைத்துப் பார்த்தாள். ரத்தினசபாபதி அவளை நிறுத்திவைத்துக் காதைப் பொத்திக் காட்டி, முகத்தைச் சுளித்துக் காட்டி, வாந்தி எடுக்கிற மாதிரி காட்டினார். அவள் அவரை வருத்தத்தோடு பார்த்தாள், வயிற்றுவலி என்று நினைத்துக்கொண்டு மறுநாள் அவருக்கு ஓமத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ரத்தினசபாபதியின் மகள் மேகலா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மசக்கை முடிய வேண்டிய மாதத்திலும் அவளுக்கு எதுவும் தங்கவில்லை. செங்கோடன் ஒரு வாய் தின்றால் அவள் நாள் முழுக்க வாந்தி எடுத்தாள், அவர் தின்னாத நேரத்திலும் தின்னப்போகிறார் என்று நினைத்து எடுத்தாள். பிள்ளை வளரவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அன்று மாலையே ரத்தினசபாபதி செங்கோடன் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே இரண்டு கையையும் கூப்பினார்.

"செங்கோடா, எம் புள்ளைக்குத் தண்ணிகூடத் தங்க மாட்டேங்குது. நானு உன்னத் தப்பு சொல்லல. உம் மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா எனக்கு வேற யாருகிட்டப் போயிக் கேக்கறதுன்னு தெரியலப்பா."

"அண்ணா, கையக் கீழ போடுங்க," என்றார் செங்கோடன். "நானு என்ன பண்ணோணும்னு சொல்லுங்க."

ஈரோட்டில் ஒரு டாக்டர் மூக்கு வழியாக வயிற்றுக்கு டியூப் வைப்பார், அதில் கஞ்சியை ஊற்றினால் வாயே அசைய வேண்டியதில்லை என்று ரத்தினசபாபதி சொன்னார். செங்கோடன் திரும்பி நல்லம்மாளைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று சொல்வாளா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"செரிங்கண்ணா," என்றார்.

டாக்டர் வெளியூர்க்காரர், அவருக்கு எதுவும் கேட்காது. "விழுங்க முடியலையா பெரியவரே?" என்று கேட்டார்.

"எனக்கு முடியுதுங்க," என்றார் செங்கோடன். "ஊருக்கு முடியலீங்க."

டியூப் வைத்த பிறகு கரட்டுப்புதூரில் ஒரு சத்தமும் இல்லை, தறிகளைத் தவிர. ஊர் ஆசை தீரச் சாப்பிட்டது. தள்ளிப்போட்டிருந்த விருந்தெல்லாம் நடந்தது. மேகலா முதலில் மோர் குடித்தாள், பிறகு இட்லி தின்றாள், பிறகு கன்னம் தேறினாள். ஊர் நன்றி மறக்கவில்லை. வீட்டுக்கு வீடு முறை வைத்துக்கொண்டு கஞ்சியை வடிகட்டி, பழச்சாறு பிழிந்து, பருப்புத் தண்ணீர் இறுத்துத் தூக்கில் கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்லம்மாள் அதை டியூப்பில் ஊற்றினாள். இப்போது அவளால் அவர் எதிரில் உட்கார முடிந்தது. ஆனால் தெருக்கதை எதுவும் சொல்ல வரவில்லை. அவர் நாக்கு வறண்டு, உதடு வெடித்து, கண் உள்ளே போய்க்கொண்டிருந்தது. வாய் என்று ஒன்று இருந்ததையே மறந்துகொண்டிருந்த முகம் அது.

பாவாயி வீட்டில் அண்ணி பூட்டைத் திறந்துவிட்டாள், இனிப் பயமில்லை என்று. பாவாயி காதைத் தட்டிப் பார்த்தாள். தலையைச் சாய்த்து நீரை வடிப்பதுபோல ஆட்டினாள். மெஷினில் காதை வைத்தாள். சந்தையில் தின்றுகொண்டிருந்தவர்களின் வாயருகே போய் நின்றாள், துரத்தினார்கள். ஒரு மத்தியானம் அவள் செங்கோடன் வீட்டுக்கு வந்து, கட்டிலில் கிடந்தவரின் மூக்கில் பிளாஸ்திரியோடு ஒட்டியிருந்த டியூப்பைப் பார்த்தாள். அதைத் தொட்டாள். அது எங்கே போகிறது என்று விரலால் தொண்டையில் கோடு இழுத்துக் கேட்டாள். புரிந்ததும் அவள் அழவில்லை. தரையில் உட்கார்ந்து, தன் இரண்டு காதையும் தொட்டு, இரண்டு கையையும் வெறுமையாக விரித்துக் காட்டினாள்.

செங்கோடன் அந்தக் கைகளைப் பார்த்தார்.

"நல்லு, சோறு இருக்குதா?"

"எனக்குன்னு அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வெச்சிருக்கறேன்."

"அதுல கொஞ்சம் போடு."

"வேண்டாங்க. ஊரே வந்துரும். மேகலா வேற..."

"மேகலாவுக்கு இனி ஒண்ணும் ஆகாது. பாரு, இந்தப் புள்ளைக்கு என்னய உட்டா உலகத்துல வேற சத்தமில்ல." அவர் எழுந்து உட்கார்ந்தார். "எனக்கும் பசிக்குது நல்லு. எத்தன நாளாப் பசிக்குது தெரியுமா?"

அவள் தட்டை எடுத்து, சோற்றைப் போட்டு, நெய் விட்டாள். அவர் பிளாஸ்திரியைப் பிரித்து டியூப்பை இழுத்தார். சளியும் கொஞ்சம் ரத்தமுமாக அது முழுதும் வெளியே வந்தது. முதல் உருண்டையை வாயில் வைத்தார். ஊர் முழுக்க, துபாய் வரைக்கும், கையில் இருந்தது கீழே விழுந்தது.

நல்லம்மாளுக்குப் புரட்டிக்கொண்டு வந்தது. எழுந்தாள். அவள் புழக்கடைக்குத்தான் போகிறாள் என்று அவர் நினைத்தார். அவள் தெருக்கதவுக்குப் போனாள். அதற்குள் தெருவில் ஆட்கள் வந்துவிட்டார்கள், சோற்றுக் கையோடு, ஈரக் கையோடு, சிலர் வரும்போதே சாக்கடையோரம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டு. ரத்தினசபாபதி முன்னால் நின்றார்.

"நல்லம்மா, நிறுத்தச் சொல்லு."

அவள் நிலைப்படியில் இரண்டு பக்கமும் கையை ஊன்றி நின்றாள். முகம் வெளிறி, நெற்றியில் வேர்த்திருந்தது. "சாப்பிட்டுட்டு இருக்கறாருங்க," என்றாள்.

"எம் பொண்ணு அங்க..."

"தெரியுங்கண்ணா. முடிச்சுக்கட்டும்."

யாரும் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகவில்லை. போகப் பயந்தார்கள், வாயைப் பார்த்துவிடுவோமோ என்று. காதைப் பொத்தினால் பயனில்லை என்று தெரிந்தும் பொத்திக்கொண்டு, வெயிலில், ஒரு மனிதர் ஒரு தட்டுச் சோறு தின்று முடிக்கிறவரை ஊர் நின்றது. அவர் அவசரப்படவில்லை. பருப்பை நசுக்கினார், நெய்யை நக்கினார், தட்டை வழித்தார், விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பினார், தண்ணீர் குடித்து ஏப்பம் விட்டார். உள்ளே பாவாயி கையைத் தட்டினாள்.

வாரக்கணக்கில் தண்ணீரையே பார்த்துவந்த வயிறு அதைத் தாங்கவில்லை. வயிறு உப்பி, மூச்சு வாங்கி, பொழுது சாய்வதற்குள் செங்கோடன் இறந்துபோனார்.

எடுப்பதற்கு முன்னால் பெண்கள் வாய்க்கரிசி போட்டார்கள். நல்லம்மாள் முதலில் போட்டாள். அவள் விரலிலிருந்து அரிசி அவர் வாய்க்குள் விழுந்தபோது கூடியிருந்த அத்தனை பேரும் மூச்சை நிறுத்திக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டார்கள். தப்படிப்பவர்கள்கூட அடிப்பதை நிறுத்தினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. பாவாயி கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, மற்றவர்கள் எல்லாரும் போட்டு முடித்த பிறகும் காத்திருந்தாள். அவள் அண்ணி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போக வேண்டியிருந்தது.

அதோடு முடிந்தது என்றுதான் ஊர் நினைத்தது. சத்தம் செங்கோடனோடு போய்விட்டது. அதைக் கேட்கக் கற்றுக்கொண்ட காதுகள் போகவில்லை. கருமாதி விருந்தில் இலையில் உட்கார்ந்தவர்களுக்குப் பக்கத்து இலையின் சத்தம் கேட்டது. பாயசம் உறிஞ்சுகிற சத்தம், அப்பளம் நொறுங்குகிற சத்தம், ஒரு கிழவர் பல்செட்டை நாக்கால் சரி செய்கிற சத்தம்; பந்தி பாதியில் கலைந்தது. வீடுகளில் புருஷன் கூடத்திலும் பெண்டாட்டி சமையலறையிலும் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார்கள், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மூலை கொடுத்தார்கள், கல்யாணங்களில் பந்திக்குப் பதிலாகச் சோற்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். யாரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கரட்டுப்புதூர்த் தெருக்களில் நடந்தால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒவ்வொருவர் தனியாக, தன் வாயின் சத்தத்துக்கே பயந்து, மெல்ல மெல்ல மென்றுகொண்டிருப்பது தெரியும்.

மேகலாவுக்குச் சுகப்பிரசவம், ஆண் குழந்தை. நல்ல எடை. குழந்தை மார்பில் வாய் வைத்து முதல் முறை சப்பியபோது அவள் உடம்பெல்லாம் கூசி, தள்ளிவிடப்போன கையை வலுக்கட்டாயமாக நிறுத்திக்கொண்டாள். அப்புறம் பால் கொடுக்கும்போதெல்லாம் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ரத்தினசபாபதி அறைக்கு வெளியே நின்று அதைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கொட்டகைக்குப் போய் ஓடிக்கொண்டிருந்த தறிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

பாவாயி வேலை முடிந்ததும் நல்லம்மாள் வீட்டுக்கு வந்தாள். எதற்கு வருகிறாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. செங்கோடன் உட்கார்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் நல்லம்மாள் சோறு போட்டு அவள் முன்னால் வைத்தாள், பிறகு பழக்கத்தில் எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

பாவாயி எப்படிச் சாப்பிடுவாள் என்று நல்லம்மாள் அதுவரை பார்த்ததில்லை. தன் வாய் என்ன சத்தம் போடுகிறது என்று பாவாயிக்கு ஒருநாளும் தெரியாது. உதட்டைத் திறந்து வைத்து, சோற்றை உருட்டி உருட்டி, நாக்கைச் சொடுக்கி, ரசத்தைக் கையிலிருந்தே உறிஞ்சி, பசியோடு, தலையைக் குனிந்துகொண்டு அவள் தின்றாள். சின்ன வீடு, சத்தம் சுவரில் முட்டி முட்டித் திரும்பி வந்தது.

நல்லம்மாளுக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாய்வரைக்கும் எடுத்தாள். எடுத்ததை மடியில் போட்டுக்கொண்டு, எச்சிலை விழுங்கி, கண்ணில் தண்ணீர் நிற்க, "இன்னுங் கொஞ்சம் போட்டுக்க சாமி," என்று சோற்றுக் கரண்டியை எடுத்து நீட்டினாள்.